பூட்டுக்குப் பேர்போன ஊரில்

மதுரைக்குப் போகும் வழியிலுள்ள ஒரு ரயில் ஜங்க்ஷனாகவே திண்டுக்கல்லை அறிந்தவர்கள் நம்மில் அநேகர். வண்டி நிற்கும் சில நிமிஷங்களில் ஜன்னல் வழியே தலையை நீட்டினால் ஊருக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை தெரியும். யாரோ ஓர் இராட்சதன் சாப்பிட்ட களைப்பில் சாய்ந்து கொள்வதற்காகக் கொண்டுவந்து போட்ட திண்டைப் போலத்தான் அது இருக்கிறது. திண்டு போன்ற கல், ஆகையால் திண்டுக்கல் என்கிறார்கள். பாறையைப் பார்த்த பிறகு இந்தச் சொல்லாராய்ச்சியில் குற்றம் காண யாருக்கும் மனம் வராது.

கிழக்கே சிறுமலை, மேற்கே கோடைக்கானல் மலைத் தொடர், இரண்டுக்கும் நடுவே மழையை எதிர்பார்த்து நிற்கும் செம்மண் சமவெளி. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையும், ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறியும், இடையிடையே புகையிலையும் நிலக்கடலையும் விளைகின்றன. ஊருக்குள் வந்தால் தோல் பதனிடும் தொழில், சுருட்டு, பூட்டு. இக்காலத்தில் பிரியாணியையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். சேர்க்காவிட்டால் திண்டுக்கல் வாசகர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள்.

இவ்வளவு விஷயங்கள் இருக்க, நாம் இந்த ஊருக்குப் போனது வேறொரு காரணத்துக்காக. "மதச்சார்பின்மை" என்ற சொல் சில வருஷங்களாகத் தேசத்தில் படாத பாடு படுகிறது. அது இருந்தால்தான் ஜனநாயகம் பிழைக்கும் என்கிறார்கள் ஒரு சாரார். அதன் பெயரால் பெரும்பான்மை மதத்துக்கு அநீதி நடக்கிறது என்கிறார்கள் மற்றொரு சாரார். டில்லியில் நின்று இந்த விவாதத்தைக் கேட்டால் தலைவலிதான் மிஞ்சும். திண்டுக்கல்லைச் சுற்றி இருபது முப்பது மைல் நடந்து பார்த்தாலோ, அந்த வாதங்கள் ஒவ்வொன்றும் ஒரு கல்லாகவோ, ஒரு பலகையாகவோ, ஒரு மைதானமாகவோ கண்முன்னே நிற்கின்றன.

முதலில் கல். மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1605-ஆம் வருஷத்தில், இந்தப் பாறைமேல் கோட்டை எழும்பத் தொடங்கியது. திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். பிறகு மைசூரார் கைக்கு வந்தது. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுத் தொழிலாளரைக் கொண்டு இங்கே ஆயுதசாலை வைத்தார். 1790-இல் இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக் கொண்டார்கள். இப்போது மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா இதற்குக் காவல். பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறினால் பீரங்கி மேடை, வெடிமருந்து அறை, கைதிகளை அடைத்த அறைகள் எல்லாவற்றையும் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் ஏறிவிடுவது உத்தமம். பாறை சூடேறிவிட்டால் சரித்திர ஆராய்ச்சி செய்யக் கால் இடம் கொடாது.

உச்சியில் ஒரு கோயில். கல் தூண்கள், மண்டபம், சிற்பம் எல்லாம் இருக்கின்றன. கர்ப்பக்கிருகத்தில் மூர்த்தி மட்டும் இல்லை. பத்மகிரி என்பது மலையின் பழைய பெயர். பத்மகிரீசுவரரும் அபிராமி அம்மனும் ஒரு காலத்தில் இங்கே இருந்ததாகவும், பின்னர் கீழே ஊருக்குள் எழுந்தருளியதாகவும் பெரியோர் சொல்லுகிறார்கள். கீழேயுள்ள காளஹஸ்தீசுவரர் கோயிலை ஊரார் அபிராமி அம்மன் கோயில் என்றே அழைக்கிறார்கள்.

அம்மனை மறுபடியும் மலைமேல் பிரதிஷ்டை செய்ய வேண்டும், மலையைச் சுற்றிக் கிரிவலம் வர வேண்டும் என்று ஹிந்து இயக்கங்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றன. ஊர்வலம் புறப்படுவதும், போலீஸார் தடுப்பதும், கைதாவதும், மாலையில் விடுதலையாவதும் ஒரு சடங்கைப் போலவே நடந்திருக்கின்றன. தொல்பொருள் இலாகாவின் நியாயம் சுருக்கமானது: ஒரு சின்னம் காப்புக்கு வந்தபோது அங்கே பூஜை நடந்து கொண்டிருந்தால் அது தொடரலாம், நின்று போயிருந்தால் புதிதாகத் தொடங்குவதற்கில்லை. இது அம்மனுக்கென்று வகுத்த விதியல்ல. தேசம் முழுவதிலும் பாழடைந்த மசூதிகளுக்கும் இதே விதிதான். ஆனாலும் வெறுமையான அந்த இருட்டறைக்கு எதிரே நிற்கும்போது, பக்தர்களின் மனத்தில் ஒரு குறை இருக்கத்தான் செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. விதியைச் சொல்லுகிற அதிகாரி அந்தக் குறையையும் மரியாதையாகக் கேட்டுக் கொண்டால் சச்சரவில் பாதி குறையும் என்று நமக்குத் தோன்றியது.

அங்கே நின்றபோது அரசியல் நிர்ணய சபையில் நடந்த ஒரு வேடிக்கை நினைவுக்கு வந்தது. 1949, அக்டோபர் 17. அரசியல் சாசனத்தின் முகவுரையைக் "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டுமென்று எச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். கடவுளை ஓட்டுக்கு விடாதீர்கள் என்று சிலர் கெஞ்சினார்கள். அஸ்ஸாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌதுரி எழுந்து, தாம் காமாக்யா தேவியை வணங்கும் நாட்டிலிருந்து வருவதால் "தேவியின் பெயரால்" என்று வைக்கலாகாதா என்று கேட்டார்! கடைசியில் ஓட்டெடுத்தார்கள். காமத்தின் திருத்தத்துக்கு ஆதரவாக 41, எதிராக 68. கடவுள் தோற்றார் என்று இதற்கு அர்த்தமில்லை. எதிர்த்து ஓட்டளித்தவர்களிலும் தினந்தோறும் பூஜை செய்பவர்கள் பலர் இருந்திருப்பார்கள். எந்தப் பெயர் என்று ஆரம்பித்தால் முடிவிராது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. "மதச்சார்பற்ற" என்ற சொல்லைச் சாசனத்தில் சேர்க்க வேண்டுமென்று 1948-இல் கே. டி. ஷா கேட்டதையும் சபை ஏற்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அந்தச் சொல் முகவுரையில் ஏறியது 1976-இல், நெருக்கடி நிலை அமுலில் இருந்தபோது, 42-ஆவது திருத்தத்தின் மூலமாக. நல்ல சொல், வந்த வேளைதான் சரியில்லை. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்க மறுத்துவிட்டது.

மலையிலிருந்து பார்த்தால் ஊர் பரந்து கிடக்கிறது. கோயில் கோபுரம், மசூதி மினார், 1866-க்கும் 1872-க்கும் இடையே கட்டிய சூசையப்பர் தேவாலயம். கீழே இறங்கிப் பேகம்பூருக்குப் போனோம். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் இடம் அது. அவர் பெயரால்தான் அந்தப் பகுதிக்குப் பேகம்பூர் என்று பெயர். பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் புறாக்கள் மேய்ந்து கொண்டிருந்தன. வாசலில் பூட்டும் சாவியும் பரப்பி வைத்திருந்த பெரியவர் ஒருவர், "எங்கிருந்து வர்றீங்க தம்பி? கோட்டையப் பார்த்தாச்சா? அப்படியே வேலு நாச்சியார் கதையையும் கேட்டுட்டுப் போங்க" என்றார்.

அந்தக் கதை நேயர்கள் அறிந்ததே. 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் மாண்டபின், சிவகங்கை ராணி வேலு நாச்சியார் திண்டுக்கல் சீமைக்கு வந்து சேர்ந்தார். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் புகலிடம் கொடுத்தார். ஹைதர் அலி படை கொடுத்தார். 1780-இல் ராணி சிவகங்கையை மீட்டார். மேடைகளில் இதை ஹிந்து - முஸ்லிம் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்லுவது வழக்கம். சொல்லட்டும், தவறில்லை. ஆனால் கதையை முழுமையாகச் சொல்ல வேண்டும். ராணியின் நாட்டைப் பறித்த ஆற்காட்டு நவாபும் முஸ்லிம்தான். அவருக்குத் துணை நின்ற கும்பினிக்காரர்கள் கிறிஸ்தவர்கள். ஹைதருக்கு நவாபு விரோதி, நாச்சியாருக்கும் விரோதி, ஆகவே இருவரும் சேர்ந்தார்கள். மதம் அவர்களைப் பிரிக்கவுமில்லை, சேர்க்கவுமில்லை. இதுதான் அந்தக் கதையின் ரஸமான பகுதி என்பது நம் அபிப்பிராயம். கோபால நாயக்கர் தலைமையில் பிற்பாடு திரண்ட திண்டுக்கல் கூட்டணியிலும் பாளையக்காரர்களோடு முஸ்லிம் தளகர்த்தர்கள் இருந்தார்கள். 1801-இல் நாயக்கரை ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள்.

கும்பினி சர்க்காருக்குப் பின்வந்த ஆங்கில சர்க்கார் 1909-இல் செய்த காரியம் இதற்கு நேர் விரோதமானது. முஸ்லிம்கள் தனியாக ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் புகுத்தினார்கள். ஒரே தெருவில் வசிக்கும் இருவர் வெவ்வேறு பெட்டியில் ஓட்டுப் போட வேண்டும்; ஒருவன் ஓட்டை மற்றவனுடைய அபேட்சகர் கேட்டுவர வேண்டிய அவசியமே இல்லை. இப்படி நாற்பது வருஷம் பழக்கினால் தேசம் இரண்டாகாமல் என்ன செய்யும்? சுதந்திர இந்தியாவின் சாசனம் அந்த முறையை ஒழித்தது. எல்லோரும் ஒரே ஜாபிதாவில்.

அந்த ஒரே ஜாபிதா என்ன செய்கிறது என்பதற்குத் திண்டுக்கல்லே சாட்சி. 1973 மே மாதத்தில் இங்கே நடந்த பார்லிமெண்டு உபதேர்தலில், பிறந்து எட்டு மாதம்கூட ஆகாத அண்ணா தி.மு.க., மாயத் தேவரை இரட்டை இலைச் சின்னத்தில் நிறுத்தி வென்றது. ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. 2024 தேர்தலோ இன்னும் விசித்திரம். மார்க்ஸிஸ்ட் கம்யூனிஸ்டு கட்சியின் சச்சிதானந்தம் ஒரு பக்கம், அண்ணா தி.மு.க. கூட்டணியில் எஸ்.டி.பி.ஐ. கட்சியின் முகம்மது முபாரக் ஒரு பக்கம். பாரதிய ஜனதாவின் கூட்டணியில் பா.ம.க.வின் திலகபாமா ஒரு பக்கம். கம்யூனிஸ்டுக் கட்சிக்காரர் 4.4 லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜயித்தார். கோயில் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து அரிவாள் சுத்தியலுக்கு ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ! ஓட்டுக் கேட்கும்போது எல்லாக் கட்சிக்காரர்களும் எல்லாச் சந்நிதிக்கும் போக வேண்டியிருக்கிறது. கூட்டணிக் கணக்கு கொள்கைக்காக ஏற்பட்டதல்லதான். என்றாலும் அந்த நடையில் சிறிது நன்மை இருக்கிறது.

மதுரை சாலையில் ஆறேழு மைல் போனால் சின்னாளபட்டி, அம்பாத்துரை, காந்திகிராமம். 1946 பிப்ரவரியில் மகாத்மா மதுரையிலிருந்து பழநிக்குப் போனபோது இந்த அம்பாத்துரை ரயில் நிலையத்தில் ஜனங்கள் திரண்டு அவரைத் தரிசித்தார்கள். மறு வருஷம் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் இங்கே காந்திகிராமத்தை ஏற்படுத்தினார்கள். காந்தியடிகள் அந்தப் பயணத்தில் மதுரை மீனாட்சியையும் பழநி ஆண்டவரையும் தரிசித்தார் அல்லவா? அதற்கு முன் ஏன் தரிசிக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹரிஜனங்களை விடாத கோயிலுக்குள் தாமும் போவதில்லை என்பது அவருடைய விரதம். 1939 ஜூலை 8-ஆந் தேதி வைத்தியநாதய்யர் மதுரையில் ஆலயப் பிரவேசம் நடத்தினார். அதைத் தொடர்ந்து பழநியும் கதவைத் திறந்தது. பிரவேசம் செய்தவர்களைப் பாதுகாக்க ராஜாஜி மந்திரிசபை சட்டம் செய்தது. சர்க்கார் மத விஷயத்தில் கைவைக்கலாகாது என்று அன்று ஆக்ஷேபித்தவர்கள் சனாதனிகள். அந்த ஆக்ஷேபத்தை ஏற்றிருந்தால் கதவு எத்தனை காலம் மூடியிருக்குமோ! சாசனத்தின் 25-ஆவது ஷரத்து மத சுதந்திரத்தைக் கொடுக்கிற அதே மூச்சில், ஹிந்துக் கோயில்களை எல்லா வகுப்பு ஹிந்துக்களுக்கும் திறந்துவிடச் சர்க்காருக்கு அதிகாரமும் கொடுக்கிறது. சர்க்காரும் சமயமும் எட்டியே நிற்க வேண்டும் என்ற மேல்நாட்டுக் கொள்கை இங்கே அப்படியே ஒட்டாமற் போனதற்குக் காரணம் இந்தக் கதவுதான்.

கதவைத் திறக்க உள்ளே போன சர்க்கார் அப்புறம் வெளியே வரவில்லை என்பதும் உண்மை. கோயில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் போடுவது வழக்கம். திண்டுக்கல்லில் அதற்கென்று கெட்டியான பூட்டுகள் செய்து தருகிறார்கள். சாவிகள் வெவ்வேறு கைகளில் இருக்கும். அத்தனை பேரும் கூடினால்தான் உண்டியல் திறக்கும். 1925-ஆம் வருஷத்துச் சட்டத்தில் தொடங்கி 1959 சட்டம் வரையில், அந்தச் சாவிகளில் ஒன்று சர்க்கார் கைக்கு வந்து நிலைத்துவிட்டது. பழநிக் கோயிலும் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருப்பதே. மதச்சார்பற்ற சர்க்கார் கோயிலை நிர்வகிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் சர்க்கார் விட்டுவிட்டால் சாவி யார் கைக்குப் போகும் என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். பழைய தர்மகர்த்தாக்களின் காலத்தை அறிந்தவர்கள் இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லமாட்டார்கள்.

பழநியில் சமீபத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டுகின்றன. ஹிந்து அல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாதென்று அங்கே ஒரு பலகை இருந்தது. அதை எடுத்துவிட்டதன் பேரில் வழக்கு நடந்தது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2024 ஜனவரி 30-இல் தீர்ப்புச் சொல்லிற்று: பலகையை வைக்க வேண்டும், கொடிமரத்துக்கு அப்பால் மற்ற மதத்தினர் போகக்கூடாது, ஸ்வாமியிடம் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர்களை மட்டும் விடலாம். கோயில் உல்லாசப் பிரயாண ஸ்தலமல்ல என்பது கோர்ட்டின் கருத்து. அது சரியே, கோயிலுக்குள் அடக்கமாக நடக்கத் தெரியாதவர்களை வெளியே நிறுத்த எந்தக் கோயிலுக்கும் உரிமை உண்டு. ஆனால் அடக்கமில்லாதவர்கள் ஒரு மதத்தில் மட்டும் பிறப்பதில்லையே! தீர்ப்பு வெளியான தேதி மகாத்மா மறைந்த தேதி என்பது தற்செயல்தான். முருகனை நாடி மலையேறுகிற வேற்று மதத்தவர் எழுதிக் கொடுக்கும் காகிதத்தைப் பார்த்து ஆண்டவர் என்ன நினைப்பார் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

இரண்டாவது சம்பவம் அதே வருஷம் ஆகஸ்டு 24, 25 தேதிகளில் பழநியில் நடந்த அனைத்துலக முத்தமிழ் முருகன் மகாநாடு. நடத்தியது அப்போது ஆட்சியிலிருந்த தி.மு.க. சர்க்காரின் அறநிலையத் துறை. பகுத்தறிவுப் பாரம்பரியத்தில் வந்த கட்சி முருகன் மகாநாடு நடத்துவதா என்று எதிரிகள் பரிகாசம் செய்தார்கள். மாணவர்களைக் கொண்டு சஷ்டி கவசம் பாராயணம் செய்விப்பது முதலான தீர்மானங்கள் மதச்சார்பின்மைக்கு விரோதம் என்று திராவிடர் கழகத்தின் வீரமணியும், கூட்டணியிலிருந்த மார்க்ஸிஸ்டுகளும் ஆக்ஷேபித்தார்கள். 2025 ஜூன் 22-இல் ஹிந்து முன்னணி மதுரையில் தானும் ஒரு முருகன் மகாநாடு நடத்தியது. ஆக, ஒரே முருகனுக்குப் பத்து மாதத்தில் இரண்டு மகாநாடு! தைப்பூசத்துக்குக் காலில் கொப்புளத்தோடு நடந்து வருகிற குடியானவனை இரு மகாநாட்டாரும் தங்கள் பக்கம் என்றுதான் கணக்குப் பண்ணியிருப்பார்கள்.

இனி மைதானம். ஆத்தூர் தாலூகாவில் என். பஞ்சம்பட்டி என்று ஒரு கிராமம். கிறிஸ்தவர்களே பெரும்பாலோர், ஹிந்துக்கள் சிறுபான்மை. ஊரில் ஒரு பொது மைதானம். அங்கே ஈஸ்டர் விழாக் கொண்டாடுவது கிறிஸ்தவர்களுக்கு நெடுநாள் வழக்கம். 2025-இல் காளியம்மன் கோயில் கும்பாபிஷேகத்தை ஒட்டி அந்த மைதானத்தில் அன்னதானம் செய்ய ஹிந்துக்கள் அனுமதி கேட்டார்கள். கிறிஸ்தவர்கள் ஆக்ஷேபித்தார்கள். அமைதி குலையும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. சர்க்காருக்குச் சொந்தமான பொது இடம் என்றால் அது எல்லா மதத்தினருக்கும் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் ஒருவருக்கும் கூடாது என்று சொல்லி, அன்னதானத்துக்கு அனுமதியளித்தது கோர்ட்டு.

இந்தத் தீர்ப்பைச் சில பத்திரிகைகள் ஹிந்துக்களுக்கு ஜயம் என்று எழுதின. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பான்மை என்பது படத்தின் அளவைப் பொறுத்தது. தேசப் படத்தை விரித்தால் ஹிந்து பெரும்பான்மை. கிராமப் படத்தை விரித்தால் அவனே சிறுபான்மை. இன்னொரு கிராமத்தில் இதே மைதானத்தில் சப்பரம் எடுக்கவோ, பெருநாள் தொழுகை நடத்தவோ அனுமதி கேட்டுச் சிலர் நிற்பார்கள். அங்கேயும் அமைதி குலையும் என்று தாசில்தார் பயப்படுவார். அப்போது இந்தத் தீர்ப்பை எடுத்து அவர் மேஜைமேல் வைக்க வேண்டும். அங்கேதான் அதற்குப் பரீட்சை. எண்ணிக்கையில் அதிகமானவர்கள் கோபித்துக் கொள்வார்கள் என்பதற்காகக் குறைந்தவர்களின் உரிமையை மறுப்பது அதிகாரிகளுக்குச் சுலபமான வழி. சர்க்காரின் தராசு சாய்வது பெரும்பாலும் பக்தியினால் அல்ல, பயத்தினால்தான் என்று இந்தப் பிரயாணத்தில் நமக்குப் பட்டது.

அன்னதானம் என்றதும் திண்டுக்கல் முத்தழகுபட்டியைச் சொல்லாமல் விடமுடியாது. அங்குள்ள புனித செபஸ்தியார் கோயிலில் ஆகஸ்டு மாதந்தோறும் திருவிழா. நேர்ந்து கொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. நூற்றுக்கணக்கில் சேருகிற ஆடுகளையும் ஆயிரக்கணக்கில் சேருகிற கோழிகளையும் சமைத்து, மாலையில் தொடங்கிய பந்தி விடியும் வரை நடக்கிறது. சைவ உணவுக்காரர்களான வாசகர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கென்று சிறுமலை வாழைப்பழம் இருக்கிறது. வீட்டிலுள்ள கிழவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொண்டு போவதற்காகத் தூக்குச்சட்டியும் பாத்திரமுமாக வரிசையில் நிற்பவர்கள் இரவு முழுவதும் குறைவதில்லை. அடுத்த ஆகஸ்டில் போகிறவர்கள் கையோடு ஒரு மூடியுள்ள பாத்திரம் எடுத்துச் செல்வது நலம். மழைக் காலம், வரிசையும் நீளம்.